ஒரே துணியில் 24 வேகம்

பழைய ஸ்பீடு கிராபிக் கேமரா ஒன்றைக் கையில் வாங்கும் எவரும் முதலில் பார்ப்பது முன்னால் இருக்கும் லென்ஸை. அடுத்து, பக்கவாட்டில் இருக்கும் தூரமானியை. பின்பக்கம், பிலிமை ஒட்டினாற்போல, வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டராக ஒரு கறுப்புத் துணி சுருண்டு கிடப்பது பலர் கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் பட்டாலும், "அது ஓடாவிட்டால் என்ன, லென்ஸிலேயே ஷட்டர் இருக்கிறதே" என்று ஒரு சமாதானம் தயாராக இருக்கும்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. துணி ஓடாத ஸ்பீடு கிராபிக்கைத் தூக்கிச் சுமக்க ஒரு காரணமும் கிடையாது. அதைச் செய்த கம்பெனியே 1947-இல் கிரவுன் கிராபிக் என்று இன்னொரு கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்பக்கத் துணி மட்டும் அதில் இல்லை. அதனால் உடம்பு மெலிந்தது, எடையும் குறைந்தது. லென்ஸ் ஷட்டரே போதும் என்பவர்கள் அதை வாங்கிக்கொள்ளலாம், தோள்வலியாவது மிஞ்சாது. ஸ்பீடு கிராபிக்கை வாங்குகிறவர் அந்தத் துணிக்காகத்தான் வாங்க வேண்டும்.

என்னிடம் இருப்பது ஆனிவர்சரி என்று அழைக்கப்படும் வகை. 1940 முதல் 1946 வரை அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் செய்தது. மகோகனி மரப்பெட்டி, மேலே தோல் உறை. 4x5 அங்குலத் தாள் பிலிம். ஸ்பீடு கிராபிக் என்ற பெயர் 1912-இல் தொடங்கி 1973 வரை ஓடியது. அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர் என்றாலே நமக்கு மனத்தில் வரும் உருவம், தொப்பி, கையில் பெரிய பெட்டி, பக்கத்தில் வட்டத் தட்டு வைத்த பிளாஷ், அது இதுதான். ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில் 1945 பிப்ரவரி 23 அன்று ஜோ ரோசென்தால் எடுத்த கொடியேற்றப் படம்கூட ஸ்பீடு கிராபிக்கில் எடுத்ததே. சரி, சரித்திரம் போதும்.

கேமராவின் உடம்பில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. அதில் நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு எண்கள். மொத்தம் 24 வேகம். 1/10 நொடியில் ஆரம்பித்து 1/1000 நொடியில் முடிகிறது. இத்தனைக்கும் உள்ளே இருப்பது ஒரே ஒரு நீளத் துணி. ரப்பர் பூசிய கறுப்புத் துணி. பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் வெயிலுக்கு இறக்கிவிடும் மூங்கில் திரை மாதிரி, மேலே ஓர் உருளை, கீழே ஓர் உருளை. துணி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுருளும். கீழ் உருளைக்குள் ஸ்பிரிங். துணியில் இடையிடையே குறுக்காக வெட்டிய பிளவுகள்: ஒன்றரை அங்குலம், முக்கால் அங்குலம், 3/8 அங்குலம், அரைக்கால் அங்குலம். இவை தவிர, பிலிம் முழுவதையும் திறந்துவிடும் பெரிய சன்னல் ஒன்று. சாவியைத் திருகி, வேண்டிய பிளவு மேலே வந்து நிற்கும்வரை துணியை ஏற்ற வேண்டும். இன்னொரு சாவியால் ஸ்பிரிங்கின் முறுக்கை 1 முதல் 6 வரை வைத்துக்கொள்ளலாம். விசையை அழுத்தினால் துணி மேலிருந்து கீழே விழும். பிளவு பிலிமைக் கடந்துபோகும்போது வெளிச்சம் படும். நான்கு பிளவு, ஆறு முறுக்கு, 24 வேகம். மின்சாரம் இல்லை, பற்சக்கர வரிசை அதிகம் இல்லை, எண்பது வயது தாண்டியும் ஓடுகிறது.

அந்தத் தகட்டைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது. முறுக்கு 6-இல் ஒன்றரை அங்குலப் பிளவுக்கு 1/35 நொடி என்று போட்டிருக்கும். பிளவு பாதியானால் நேரமும் பாதியாக வேண்டும், முக்கால் அங்குலத்துக்கு 1/70 வர வேண்டும். தகட்டில் இருப்பது 1/90. அடுத்த பாதி, 3/8 அங்குலம், 1/180 ஆகியிருக்க வேண்டும். தகடு 1/295 என்கிறது. அச்சுப் பிழை இல்லை. மெல்லிய பிளவை மேலே கொண்டுவர அதிகம் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற ஸ்பிரிங் இன்னும் இறுகுகிறது, ஆகவே துணி இன்னும் வேகமாக விழுகிறது. கேமராவைக் கட்டியவர்கள் கணக்குப் போட்டு அழகான எண்களைத் தகட்டில் எழுதவில்லை. ஓட்டிப் பார்த்து, அளந்து, வந்ததை எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது.

ஆனால் 1/1000 என்ற எண் பாதிதான் உண்மை. பிலிமின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் வெளிச்சம் கிடைக்கிறது, அது வரை சரி. முழுப் படமும் அந்த நேரத்தில் எடுக்கப்படவில்லை. அரைக்கால் அங்குலம் என்றால் சுமார் 3.2 மில்லிமீட்டர். அந்தப் பிளவு ஒரு புள்ளியை 1/1000 நொடியில் கடக்கிறது என்றால் துணியின் வேகம் நொடிக்கு 3.2 மீட்டர். பிலிமின் உயரம் 4 அங்குலம், ஏறக்குறைய 102 மில்லிமீட்டர். மேல் விளிம்பில் இருந்து கீழ் விளிம்புக்குப் போய்ச்சேர துணிக்கு 1/30 நொடி பிடிக்கிறது. முறுக்கை 1-க்குக் குறைத்தால் அதே பிளவு 1/350 நொடி தரும். அப்போது முழுப் பிலிமைக் கடக்க 1/11 நொடி. ஆக, தாளின் ஒரு முனையில் இருப்பது ஒரு நேரம், மறுமுனையில் இருப்பது வேறு நேரம். நடுவில் உள்ளதெல்லாம் நடுவில் உள்ள நேரங்கள். இன்றைக்குக் கைப்பேசியின் சென்சாரும் வரிவரியாகத்தான் படிக்கிறது. விமானத்தின் சுழலும் விசிறி வாழைப்பழம் மாதிரி வளைந்து நிற்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதி, நூறாண்டுக்கு முன்பே துணியில்.

இதில் எல்லாருக்கும் தெரிந்த படம் ஜாக் ஹென்றி லார்த்திக் எடுத்த பந்தயக் கார். 1910-களின் தொடக்கம், பிரெஞ்சு கிராண்ட் பிரீ, கண்ணாடித் தட்டுக் கேமரா. அப்போது அவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். காரின் பின்சக்கரம் முட்டை வடிவத்தில் முன்பக்கம் சாய்ந்திருக்கும். சாலையோரம் நிற்கும் ஆட்களும் கம்பமும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். காரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பியிருக்கிறார், ஆனால் காரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கேமராவைவிட வேகமாகப் போனது முன்னால் சாய்ந்தது, நின்றது பின்னால் சாய்ந்தது. கணக்கு அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ கேலிச்சித்திரக்காரர்கள் வேகமாகப் போகும் காரை முன்னால் சாய்த்தே வரைந்தார்கள் என்றால், கண் அப்படிப் பார்க்கிறது என்பதால் இல்லை, இந்த ஷட்டர் அப்படிப் பார்க்கப் பழக்கியதால்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஏன் முன்னால் சாய்கிறது, ஏன் பின்னால் இல்லை? கேமராவுக்குள் பிம்பம் தலைகீழாக விழுகிறது. துணி மேலிருந்து கீழே வருகிறது. ஆகவே முதலில் பதிவாவது தரை, கடைசியில் பதிவாவது வானம். சக்கரத்தின் அடி பதிவான பிறகுதான் அதன் தலை பதிவாகிறது, அதற்குள் வண்டி கொஞ்சம் முன்னால் போய்விடுகிறது.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் இதை எண்களோடு பார்க்கலாம். ஈரடுக்குப் பேருந்து ஒன்று, உயரம் 4.4 மீட்டர், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். பிலிமின் உயரத்தில் முக்கால் பங்கைப் பேருந்து நிரப்புகிற தூரத்தில் நிற்கிறோம். முறுக்கு 6, 1/1000: சக்கரம் பதிவாகி மேல்தளக் கூரை பதிவாவதற்குள் பேருந்து 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். சாய்வு நாலு பாகைக்குள். பார்ப்பவருக்கு ஏதோ ஒன்று உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது. அதே பேருந்து, முறுக்கு 1, 1/350: நகர்வு 76 சென்டிமீட்டர், சாய்வு பத்துப் பாகை. இப்போது எல்லாருக்கும் தெரியும். அதாவது, சாய்வு வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது வேக எண் இல்லை, முறுக்கு எண். முக்கால் அங்குலப் பிளவில் முறுக்கு 6 வைத்தால் 1/90. அரைக்கால் அங்குலப் பிளவில் முறுக்கு 1 வைத்தால் 1/350. காகிதத்தில் இரண்டாவது நாலு மடங்கு வேகம். ஆனால் துணி விழும் வேகம் இரண்டாவதில் குறைவு, அதனால் அதில்தான் பேருந்து அதிகம் சாயும். இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நானே நம்பவில்லை, எடுத்துப் பார்த்துத்தான் நம்பினேன்.

கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து நெட்டையாக வைத்தால் இன்னொரு வேடிக்கை. துணி இப்போது இடம் வலமாக ஓடும். பிம்பம் துணி போகும் திசையிலேயே போனால் பொருள் நீளும், எதிர்த்திசையில் போனால் குறுகும். சைக்கிள் ஓட்டுகிறவரை ஒரு பக்கம் குண்டாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் எடுக்கலாம். இது வெறும் விளையாட்டு, பெரிய கலை ஒன்றும் இல்லை.

தைப்பூசத்தில் மட்டும் இது விளையாட்டு இல்லை என்று தோன்றியது. ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் காவடிகள் வருகின்றன. நடுநடுவே நின்று சுழன்று ஆடுவார்கள். இரண்டு நொடிக்கு ஒரு சுற்று என்று வைத்தால், முறுக்கு 1-இல் துணி கடந்து முடிக்கும் நேரத்துக்குள் காவடி பதினாறு பாகை திரும்பிவிடும். காலடி ஒரு பக்கம் பார்க்கும், மேலே மயிலிறகு வளைவு வேறு பக்கம் பார்க்கும். முழு உருவமும் மெல்லத் திருகியிருக்கும். இலை ஷட்டரில், அதாவது லென்ஸுக்குள் இதழ்கள் விரிந்து மூடும் ஷட்டரில், எடுத்த படத்தில் காவடி உறைந்து நிற்கிறது. ஆடியவர் எங்கே ஆடினார் என்று கேட்கத் தோன்றும். துணி ஷட்டரில் எடுத்ததில் அவர் சுற்றிக்கொண்டிருக்கிறார். எது உண்மைக்குப் பக்கம் என்று என்னைக் கேட்டால், ஒரு துண்டு நேரத்தை அடியிலிருந்து முடிவரை பதித்த இரண்டாவதுதான் என்பேன். முன்கூட்டியே குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டு எடுக்கிறேன். மூன்று கிலோ பெட்டியோடு வழியில் குறுக்கே நிற்பவனை யாருக்கும் பிடிக்காது.

இனி வெயில். சிங்கப்பூரில் இந்த ஷட்டருக்கு வேலை கொடுப்பது இதுதான். பழைய லென்ஸ்களை முழுதாகத் திறந்து எடுக்கத்தான் ஆசை. அவற்றின் குணமெல்லாம் அங்கேதான் தெரியும். எஃப் 4.5 டெஸ்ஸார் வகை லென்ஸ் ஒன்று (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறக்கும்), ஐஎஸ்ஓ 100 பிலிம், நண்பகல் வெயில். எஃப் 16 வைத்தால் 1/100 நொடி என்பது எல்லாருக்கும் தெரிந்த பாடம். எஃப் 4.5-க்கு வந்தால் 1/1250 நொடிக்குப் பக்கம் கேட்கும். பெரிய லென்ஸ்களுக்கான இலை ஷட்டர்களில் அந்த வேகம் கிடையாது. கோப்பல் 3 ஷட்டரின் உச்சம் 1/125. இன்னும் பெரிய, பழைய ஐலெக்ஸ் 5 என்றால் 1/50. மூன்று முதல் ஐந்து ஸ்டாப் வரை அதிக வெளிச்சம் விழும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு), அல்லது லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடி மேல் கறுப்புக் கண்ணாடியாக மாட்ட வேண்டும். துணி ஷட்டரில் 1/1000 வைத்து அப்படியே எடுத்துவிடலாம்.

அதைவிட முக்கியம், ஷட்டரே இல்லாத லென்ஸ்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய லென்ஸ்களில் பல வெறும் பித்தளைக் குழாய்தான். மூடியைக் கழற்றி, எண்ணி, மூடியை மாட்டும் காலத்தவை. போருக்காகச் செய்த லென்ஸ்களும் அப்படியே. அவற்றில் பேர்போனது கோடாக் ஏரோ எக்டார், 178 மில்லிமீட்டர், எஃப் 2.5. இரண்டாம் உலகப்போரில் விமானத்திலிருந்து படம் எடுக்கும் கே-24 போன்ற கேமராக்களுக்காகச் செய்தது. 178-ஐ 2.5-ஆல் வகுத்தால் 71 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய துவாரத்தைச் சாதாரண இலை ஷட்டருக்குள் அடக்க முடியாது. கோப்பல் 3-இன் வாய் 45 மில்லிமீட்டர்தான். பின்னால் துணி ஓடும் கேமரா ஒன்றே வழி. அமெரிக்கப் படக்காரர் டேவிட் பர்னெட் 2004 அதிபர் தேர்தல் பிரசாரத்தை இந்த லென்ஸும் ஸ்பீடு கிராபிக்குமாக எடுத்த பிறகு ஏரோ எக்டாரின் மவுசு ஏறிவிட்டது. மூன்று மீட்டர் தூரத்தில் ஒருவரை உட்காரவைத்து எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் அரைச் சாணுக்குச் சற்றே மேல். கண் கூர்மை, காது மங்கல். தேக்கா பக்கத்தில் பூக்கடைகளின் பின்னணி எல்லாம் கரைந்து நிறப்பூச்சாகிவிடும், கறுப்பு வெள்ளையில்கூட.

இந்த லென்ஸின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. லேசான கதிரியக்கம் உண்டு. காலப்போக்கில் கண்ணாடி தேநீர் நிறத்துக்கு மாறும். புற ஊதா ஒளியில் வைத்தால் மீண்டும் தெளியும். அதற்கென்று விளக்கு வாங்குகிறார்கள். நம் ஊரில் எதற்கு? மேற்குப் பார்த்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னல் ஒன்று போதும். வெயிலை நேராகத் துணிமேல் குவியும்படி மட்டும் வைத்துவிடக் கூடாது, லென்ஸைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். 71 மில்லிமீட்டர் பூதக்கண்ணாடி, பின்னால் ரப்பர் துணி, பூமத்திய ரேகைச் சூரியன்: துணியில் ஓட்டை விழ அதிக நேரம் ஆகாது. வெளியில் எடுக்கும்போதும் லென்ஸ் மூடியை மறக்கக் கூடாது.

எஃப் 2.5-இல் நண்பகலில் எடுக்க முடியுமா என்றால், ஐஎஸ்ஓ 100 பிலிமில் 1/4000 கேட்கும், முடியாது. இரண்டு ஸ்டாப் கறுப்புக் கண்ணாடி மாட்டலாம். நான் மாலை ஆறு மணிக்குக் கிளம்புகிறேன்.

இனி, அளப்பது. தகட்டில் எழுதியிருப்பது அந்தக் காலத்துப் புது ஸ்பிரிங்கின் வேகம். உங்கள் ஸ்பிரிங் என்ன செய்கிறது என்பது வேறு. இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்தைத் திறந்து, கேமராவை வெளிச்சமான வானத்துக்கு நேரே வையுங்கள். பின்னாலிருந்து கைப்பேசியில் நொடிக்கு 240 சட்டகம் ஓடும் மெதுவேகக் காணொளி எடுங்கள். பிளவு மேலே தெரிவதிலிருந்து கீழே மறைவது வரை எத்தனை சட்டகம் என்று எண்ணுங்கள். தகடு சொல்வது சரியென்றால் முறுக்கு 6, அரைக்கால் அங்குலத்துக்கு எட்டு சட்டகம் வரவேண்டும். என் கேமராவில் பதினொன்று வருகிறது. அதாவது துணியின் வேகம் நொடிக்கு 2.2 மீட்டர், என் 1/1000 உண்மையில் 1/700. அரை ஸ்டாப் வித்தியாசம். கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

பதினொன்றில் மேல்பாதிக்கு ஆறு, கீழ்ப்பாதிக்கு ஐந்து என்றும் தெரிந்தது. விழ விழ துணிக்கு வேகம் கூடுகிறது. கீழ்ப்பாதிக்குக் கொஞ்சம் குறைவான வெளிச்சம். பிம்பம் தலைகீழ் என்பதால் பிலிமின் கீழ்ப்பாதி வானம். ஆக, என் கேமரா வானத்தைக் கால் ஸ்டாப் போலக் கறுப்பாக்கித் தருகிறது, கேட்காமலே. நம் ஊர் வெள்ளை வானத்துக்கு இது வரம். ஸ்பிரிங்கை மாற்றிக்கொடுக்கிறேன் என்று ஒருவர் முன்வந்தார், வேண்டாம் என்றுவிட்டேன். தகட்டுக்கு ஏற்றபடி கேமராவைத் திருத்துவதைவிட, கேமராவுக்கு ஏற்றபடி ஒரு புதுத் தகட்டை எழுதி ஒட்டிக்கொள்வது சுலபம். என் பெட்டியில் ஒட்டியிருப்பது அதுதான், பென்சிலில்.

ஈரப்பதம் வேறு கதை. லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பது இங்கே கேமரா வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஈரம் உறிஞ்சும் அலமாரி இல்லாத படக்காரர் வீடு இல்லை. ரப்பர் துணிக்கும் உருளைக்கும்கூட ஈரம் ஆகாது. துணி லேசாக ஒட்டும். சில வாரம் சும்மா இருந்த கேமராவில் முதல் முறை விசையை அழுத்தினால் துணி சோம்பலாக விழும், நாலைந்து முறை ஓட்டிய பிறகே சுறுசுறுப்பாகும். ஆகவே பிலிம் போடும் முன் வெறுமனே சிலமுறை ஓட்டிவிடுவது என் வழக்கம். அதற்காக அலமாரியை மிகவும் வறட்சியாக வைப்பதும் தப்பு. இது மரப்பெட்டி, தோல் உறை. அதிகம் காய்ந்தால் மரம் விரிசல் விடும், துணி விறைக்கும். ஐம்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

துணியில் ஊசிக்கண் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவும், ஹோல்டரில் தாள் பிலிம் ஏற்றவும் வீவக வீட்டில் ஓர் அருமையான இடம் இருக்கிறது. வீட்டுக் காப்பறைதான். பாதுகாப்புக்காகக் கட்டிய தடித்த காங்கிரீட் சுவர், இரும்புக் கதவு, சன்னல் இல்லை. காற்றுத் துளைகளைக் கறுப்புத் துணியால் மறைத்தால் இருட்டறை தயார். என் மனைவி அதில் வைத்திருக்கும் அரிசி மூட்டையும் தீபாவளிப் பாத்திரங்களும் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். கேமராவுக்குள் டார்ச்சை வைத்துத் துணியை மெல்லச் சுற்றினால் ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். துணிக்குப் பூசும் கறுப்பு ரப்பர் சாயம் ஒரு துளி போதும். தடிப்பாகப் பூசினால் உருளையில் சுருளும்போது அந்த இடம் தடுக்கும், வேகம் கெடும்.

வேலை முறையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். துணியை ஏற்றும்போது பிளவுகள் பிலிமைக் கடந்து போகும், தானாக மூடிக்கொள்ளும் வசதி இதில் இல்லை. அதனால் டார்க் ஸ்லைடு, அதாவது ஹோல்டரில் பிலிமை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் மூடி, உள்ளே இருக்கும்போதே துணியை ஏற்றி முடித்துவிட வேண்டும். ஏற்றிய பிறகுதான் ஸ்லைடை உருவுவது. எடுத்து முடித்தவுடன் ஸ்லைடைச் செருகிவிட்டுத்தான் மறுபடி சாவியில் கை வைப்பது. லென்ஸ் ஷட்டரில் எடுப்பதாக இருந்தால் பின்துணியின் பெரிய சன்னல் திறந்திருக்க வேண்டும். துணி ஷட்டரில் எடுப்பதாக இருந்தால் லென்ஸ் ஷட்டர் திறந்தே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தால் வெற்று நெகட்டிவ். தாள் பிலிம் விற்கும் விலையில் இந்த வரிசை மந்திரம் மாதிரி வாயில் வந்துவிடும்.

பிளாஷை மறந்துவிடலாம். பெரிய பிளவே ஒன்றரை அங்குலம், பிலிம் நாலு அங்குலம். முழுப் பிலிமும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் நேரம் எந்த வேகத்திலும் இல்லை. இன்றைய மின் பிளாஷ் அடித்தால் ஒரு பட்டை மட்டும் வெளுக்கும். அந்தக் காலத்தில் இதற்கென்றே நீண்ட நேரம் எரியும் பல்புகள் செய்தார்கள். இப்போது அவற்றைத் தேடுவதைவிட லென்ஸ் ஷட்டரை உபயோகிக்கலாம்.

சத்தம் பற்றிக் கேட்பார்கள். கேம்பல் லேனில் முக்காலி போட்டு நின்றபோது மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "என்ன தம்பி, இந்தப் பெட்டி இன்னும் ஓடுதா?" என்றார்.

"நல்லா ஓடுது அங்கிள்."

ஒரு படம் எடுத்தேன். டடக்கென்று கதவு சாத்தினாற்போல் சத்தம்.

"இவ்ளோ அதிருதே, படம் ஆடாதா?"

நல்ல கேள்வி. அந்த உதை, துணி கீழே போய் முட்டி நிற்கும்போது வருகிறது. அதற்குள் பிளவு பிலிமைக் கடந்து முடித்துவிடும். ஆடுவது படம் முடிந்த பிறகு. இதை அவரிடம் சொன்னேன். "அப்ப வேலை முடிஞ்சப்புறம்தான் சத்தம் போடுது. எங்க கடையில எல்லாம் நேர்மாறு" என்று நாரை இழுத்துக் கட்டினார். பக்கத்தில் இருந்த பையன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்து எடுக்க நினைப்பது கல்லாங் பேசினில் பயிற்சி செய்யும் டிராகன் படகுகள். கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து, படகின் பிம்பம் துணி ஓடும் திசையிலேயே போகும்படி. துடுப்பெல்லாம் ஒரே சமயத்தில் தண்ணீரில் இறங்குவதுதான் அந்தப் போட்டியின் உயிர். துணி ஷட்டரில் முன்னால் உட்கார்ந்தவரின் துடுப்பு ஒரு நேரத்திலும் பின்னால் உட்கார்ந்தவரின் துடுப்பு இன்னொரு நேரத்திலும் பதிவாகும். ஒற்றுமையாகத் துடுப்புப் போடும் அணி என் படத்தில் கலைந்து தெரியலாம். அவர்களுக்கு அதைக் காட்டுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: சிங்கப்பூரில் பெனின்சுலா வணிக வளாகத்துப் பக்கம் உள்ள கேமரா கடைகளில் எப்போதாவது ஒன்று வந்து போகும், இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதுதான். விலை பேசும் முன் பின்பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பிளவையும் முறுக்கு 1-இல் ஒருமுறை, 6-இல் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். 1-இல் துணி பாதியில் நின்றால் உருளையில் துரு, அதைச் சுத்தம் செய்து சரிப்படுத்திவிடலாம். துணி விறைத்து, மடிப்பில் வெடித்திருந்தால் முழுத் துணியையும் மாற்ற வேண்டும், அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அலமாரியில் வைக்கும் ஒவ்வொரு முறையும் முறுக்கை 1-க்கு இறக்கிவிடுங்கள்.